மகள் கம்பஸ் போய் ஏழு வாரம்: தகப்பன் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

குறுக்குத்தெருக் கணக்கப்பிள்ளை (கொட்டாஞ்சேனை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய், மல்லி, வெங்காயம் மொத்தமாக விற்கும் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் என் மூத்த மகள். கணிதப் பிரிவில் படித்து, கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளியைத் தாண்டி, அரச பல்கலைக்கழகம் ஒன்றின் விஞ்ஞான பீடத்துக்குப் போயிருக்கிறாள். இந்த மாவட்டத்தில் அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது இங்கே பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். செய்தி வந்த அன்று முதலாளி ஒரு பெட்டி லட்டு வாங்கிக் கடையில் கொடுத்தார்.

இப்போது ஏழு வாரம் ஆகிறது. எனக்கு எதுவும் விளங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லாம் தெரிந்தது. தவணைக்கு ஒரு அறிக்கை வரும், வகுப்பாசிரியை கூப்பிட்டுக் கதைப்பார், ரியூஷன் மாஸ்டர் வராத நாளுக்குத் தொலைபேசி எடுப்பார். சாக்கு எத்தனை வந்தது, எத்தனை போனது என்று பேரேட்டில் பார்ப்பதுபோல் பிள்ளையின் படிப்பையும் பார்த்தேன். இப்போது பேரேடே இல்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணி வரை படுத்திருக்கிறாள். கேட்டால் "விரிவுரை இல்லை அப்பா" என்கிறாள். வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு வருகிறாள். கேட்டால் "குழு வேலை". பரீட்சை எப்போது என்றால் "தொடர் மதிப்பீடு நடந்துகொண்டே இருக்கிறது" என்கிறாள். நடந்துகொண்டே இருக்கிற ஒன்றில் எத்தனை புள்ளி எடுத்தாள் என்று எப்படிக் கேட்பது?

முதல் இரண்டு வாரமும் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முடியை இரண்டாகப் பின்னி, நீளப் பாவாடையோடு போனாள். காரணம் சொல்லவில்லை. இப்போது தோடு திரும்பிவிட்டது. இரவில் மடிக்கணினியில் அந்தச் சாட்ஜிபிடியிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது படிப்பா, களவா என்பதும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் கடையில் அரை நாள் லீவு போட்டு நேரே போனேன். வாசலில் காவலாளி "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. யாரை என்று தெரிந்தால்தானே சொல்வேன். பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். மகளிடம் இதைச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை மனைவி சொன்னாள்: "பிள்ளை சாப்பிடும்போது கதைப்பதில்லை." அதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. உள்ளே போய் வந்தவர்கள் சொல்லுங்கள். நான் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

---

பழைய கவுண்டர் எழுதியது:

தம்பி, நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கிளையில் இருபத்தேழு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கம்பிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பேரேட்டுக் கவலை. பிள்ளைக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. பெறுபேற்றைப் பல்கலைக்கழகம் உங்களுக்கு அனுப்பாது. போய்க் கேட்டாலும் பெரும்பாலும் பிள்ளையைக் கூட்டி வாருங்கள் என்பார்கள். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

கணக்கு எழுதுகிறவர் என்பதால் இது உங்களுக்குச் சட்டென்று விளங்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்தில் ஒரு தரம், அந்தத் தரத்துக்கு ஒரு எண். ஏ என்றால் 4.00, பி என்றால் 3.00, சி என்றால் 2.00, இடையில் கூட்டல் கழித்தல். பாடத்தின் திறமைப் புள்ளியால், அதாவது கிரெடிட்டால், நிறுத்து எடுத்த சராசரிதான் ஜிபிஏ. மூன்று கிரெடிட் பாடத்தில் சறுக்குவதும் ஒரு கிரெடிட் பாடத்தில் சறுக்குவதும் ஒன்றல்ல. நிறை கூடிய சாக்கில் ஈரம் இருந்தால் நட்டம் கூட, அவ்வளவுதான். விஞ்ஞான பீடங்களில் முதல் இரண்டு வருடப் பெறுபேறு முக்கியம். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போவதா, மூன்று வருடத்தோடு முடிப்பதா என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கும். முதல் வருடம் "பழகுகிற வருடம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி, நான் சொல்ல வந்த விசயம். பெற்றோர் யாருக்குமே இது தெரிவதில்லை.

ஒரு பையன். டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருக்கிறது. தகப்பன் முச்சக்கர வண்டியில் ஏற்றி வந்து, பரீட்சை மண்டபத்து வாசலில் இளநீர் கொடுத்து, உள்ளே அனுப்பினார். வீரம்தான். பையன் எழுதினான், சித்தியடையவில்லை. பிறகு இருவரும் வைத்தியச் சான்றிதழோடு என் கவுண்டருக்கு வந்தார்கள். என்ன செய்வது? எழுதிய பரீட்சை எழுதியதுதான். மீளப் பரீட்சையில் தொண்ணூறு புள்ளி எடுத்தாலும் பொதுவாகச் சி தரத்துக்கு மேல் ஏறாது. அந்தப் பிள்ளை வீட்டில் படுத்திருந்து, உரிய நாட்களுக்குள் சான்றிதழைப் பல்கலைக்கழக வைத்திய நிலையத்தின் வழியாகக் கொடுத்திருந்தால், அடுத்த முறை முதல் முறை எழுதுவதுபோல் எழுதியிருக்கலாம். அந்தத் தகப்பன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. காய்ச்சலோடு பிள்ளையை இழுத்து வரவேண்டாம் தம்பி. சான்றிதழ் கொடுக்கும் காலக்கெடு எத்தனை நாள் என்று மகளை மாணவர் கைநூலில் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். இடத்துக்கு இடம் மாறும்.

வகுப்பு வரவும் அப்படித்தான். பல பாடங்களுக்கு எண்பது வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். ரியூஷன் மாஸ்டர் போல யாரும் தொலைபேசி எடுக்கவும் மாட்டார்கள். பட்டியல் ஒட்டப்படும் அன்றுதான் தெரியும்.

---

மூன்றாம் வருடக்காரி எழுதியது:

ஐயா, நான் மட்டக்களப்பு. வெள்ளவத்தையில் இன்னும் இருவரோடு ஒரு அறையில் இருந்து படிக்கிறேன். உங்கள் மகளின் பல்கலைக்கழகமா என்று தெரியாது, ஆனால் விஞ்ஞான பீடம்தான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. சாப்பிடும்போது கதைக்காத அந்தப் பிள்ளையாக நானும் இருந்திருக்கிறேன்.

முதலில் மொழி. நாங்கள் உயர்தரம் வரை எல்லாவற்றையும் தமிழில் படித்தோம். ஆர்முடுகல், அதாவது வேகம் கூடுகிற வீதம், எனக்குத் தெரியும், உந்தம் தெரியும், தொகையீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். முதல் விரிவுரையில் விரிவுரையாளர் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் ஒருத்தி சொன்னாள், அவர் நடத்தியது தொகையீடுதான் என்று. ஒரு மணி நேரம், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றின் முன்னால் முட்டாள் மாதிரி உட்கார்ந்திருந்தேன் ஐயா. மாவட்டத்தில் பெயர் சொல்லும்படி புள்ளி எடுத்த பிள்ளைக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கொழும்பில் பிறந்து வளர்ந்தாலும் தமிழ் மூலம் படித்திருந்தால் உங்கள் மகளுக்கும் இதே கதைதான்.

அதனால் அந்தச் சாட்ஜிபிடி. நான் முதல் வருடத்தில் விரிவுரைக் குறிப்பை ஒவ்வொரு பக்கமாக அதில் போட்டு, "இதை எளிய இங்கிலீஷில் சொல்" என்று கேட்டிருக்கிறேன். அது களவு என்று நான் நினைக்கவில்லை. ஒப்படையை அதை வைத்து எழுதி, தன் பெயரைப் போட்டுக் கொடுப்பது களவு. எங்கள் வகுப்பில் ஒருவன் அப்படிக் கொடுத்தான். விரிவுரையாளர் கூப்பிட்டு, "இரண்டாம் பக்கத்தில் இந்தப் படியை ஏன் எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எது அனுமதி, எது இல்லை என்பது பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. அதை மகள் அந்தந்த விரிவுரையாளரிடமே கேட்க வேண்டும்.

தோடு கழற்றிய இரண்டு வாரம் பற்றி. அது பகிடிவதை. சிரேஷ்ட மாணவர்கள் உடுப்பு, முடி, நகை, யாரை எப்படிக் கூப்பிடுவது எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. குற்றத்துக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொந்தரவு அல்லது கடுங்காயம் என்றால் பத்து வருடம் வரை. சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் பிள்ளைகள் முறையிடுவதில்லை. அடிக்குப் பயந்து மட்டும் அல்ல. எதிர்த்தால் ஒதுக்கிவைப்பார்கள். பழைய வினாத்தாள் வராது, குறிப்பு வராது, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயர் இருக்காது. மொழியே விளங்காத நேரத்தில் குறிப்பும் இல்லை என்றால் யாரும் தோட்டைக் கழற்றிவிடுவார்கள். தோடு திரும்பிவிட்டது என்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. ஆனால் உடலில் கை வைப்பது, இரவில் கூப்பிடுவது, காணொளி அழைப்பில் ஏதாவது செய்யச் சொல்வது என்று இருந்தால் பொறுக்க வேண்டாம். பீடத்தின் மாணவர் ஆலோசகர் இருக்கிறார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். "உனக்கு என்ன நடந்தது?" என்று நீங்கள் நேரே கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்பாள். அம்மாவைத் தோட்டைப் பற்றிக் கதைக்கச் சொல்லுங்கள்.

இனி என் கதை. முதல் அரையாண்டில் கணிதப் பாடம் ஒன்றில் நான் சித்தியடையவில்லை. பெறுபேறு வந்தது ஒரு புதன்கிழமை, மத்தியானம், சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்திருந்தேன். அம்மாவிடம் "இன்னும் ரிசல்ட் போடவில்லை" என்றேன். அதை ஐந்து மாதம் சொன்னேன். அம்மா நம்பினார், ஏனென்றால் நீங்கள் சொன்ன மாதிரி அவரிடம் பேரேடு இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் முதல் கேள்வி "ரிசல்ட் வந்ததா?" இரண்டாவது கேள்விக்கு நாங்கள் போகவே இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமையையே வெறுத்தேன். ஒரு கட்டத்தில் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினேன். அறையில் இருந்தவள்தான் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். எனக்காக ஒட்டினாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு தடவை எடுத்தேன்.

கடைசியில் தம்பி கண்டுபிடித்தான். அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "எத்தனை பேர் பெயில்?" நான் சொன்னேன், வகுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. "அப்போ உனக்குத் துணை இருக்கிறது" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்த மூன்றில் ஒரு பங்கில் நாலு பேர் சேர்ந்து, சனிக்கிழமைகளில் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய், மேசை ஒன்றைப் பிடித்துப் படித்தோம். மீளப் பரீட்சையில் நால்வரும் சி. அதற்கு மேல் தரமாட்டார்கள் என்று மேலே பெரியவர் சொல்லியிருக்கிறார், உண்மை.

எதைக் கேட்கலாம் என்று கேட்டீர்கள். புள்ளியைக் கேட்காதீர்கள். பாடத்தைக் கேளுங்கள். இன்றைக்கு என்ன நடத்தினார்கள், அதற்குத் தமிழில் என்ன பெயர், யாரோடு சேர்ந்து சாப்பிட்டாய், குழு வேலையில் யார் ஏமாற்றுகிறார்கள். இந்தக் கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர்தான் வேலை செய்வார்கள், மற்ற மூவரைத் திட்ட எல்லோருக்கும் ஆசை.

செவ்வாய்க்கிழமை பத்து மணி என்பது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். எங்கள் கால அட்டவணை பல் விழுந்த வாய் மாதிரி.

---

தெஹிவளைத் தகப்பன் எழுதியது:

உங்களுக்கு இலவசக் கல்வி கிடைத்திருக்கிறது, முதலில் அதற்கு நன்றி சொல்லுங்கள் ஐயா. என் மகன் தனியார் நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டுப் பட்டம் படித்தான். அந்தப் பட்டத்தின் பதிவுக் கட்டணம் ஸ்டேர்லிங் பவுணில். 2022இல் ரூபாய் சரிந்தபோது, இருநூறு ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் முந்நூற்று அறுபதுக்குப் போனது, பவுணும் கூடவே ஏறியது. ஒப்பந்தத்தில் "அன்றைய மாற்று வீதப்படி" என்ற மூன்று சொல்லை நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்திருந்தேன். மனைவியின் இரண்டு காப்பு போனது.

இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்காகத்தான் எழுதுகிறேன். தனியாருக்குப் போவதென்றால், அந்தப் பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்நாட்டுப் பட்டம் என்றால் 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். 2017 முதல் அரசின் வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட நிறுவனங்களுக்கும் பாடநெறிகளுக்கும் மட்டும். விளம்பரத்தில் குளிரூட்டிய நூலகத்தைக் காட்டுவார்கள். கட்டண அட்டவணையைக் கேளுங்கள்.

---

குறுக்குத்தெருக் கணக்கப்பிள்ளை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நாலு நாள் கழித்து எழுதுகிறேன்.

மட்டக்களப்புப் பிள்ளை, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "பேரேடு இல்லை" என்ற இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நேற்று இரவு இடியப்பமும் சொதியும். நான் மகளிடம் "ஆர்முடுகலுக்கு இங்கிலீஷில் என்ன?" என்று கேட்டேன். அவள் கையை நிறுத்திவிட்டாள். "அப்பாவுக்கு ஆர்முடுகல் எங்கே தெரியும்?" என்றாள். நான் சொன்னேன், தெரியாது, அதனால்தான் கேட்கிறேன் என்று. பிறகு அவளே ஒரு சோற்றுக் கரண்டியை மேசையில் தள்ளிக் காட்டினாள். லொறி புறப்படும்போது மூட்டை பின்னால் சாய்கிறதே, அதுவா என்று கேட்டேன். அதுதான் என்றாள். இருபத்திரண்டு வருடமாகச் சாய்கிற மூட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு ஒரு பாடம் இருப்பது எனக்குத் தெரியாது. குழு வேலையில் யார் ஏமாற்றுகிறார்கள் என்றும் கேட்டேன். முக்கால் மணி நேரம் கதைத்தாள். ஒருவன் பெயர் எட்டுத் தடவை வந்தது.

கை கழுவப் போகும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு, முதல் மதிப்பீட்டில் முப்பத்தெட்டு என்றாள். எவ்வளவுக்கு என்று நான் கேட்கவில்லை. "எத்தனை பேர்?" என்றேன். "பாதி வகுப்பு" என்றாள். சரி என்றேன். பிறகு எனக்கு நித்திரை வரவில்லை, அது வேறு விசயம்.

செவ்வாய்க்கிழமை உண்மைதான். கால அட்டவணையைக் காட்டினாள். முதல் விரிவுரை பதினொரு மணிக்கு. நான்தான் சந்தேகப்பட்டேன்.

பழைய கவுண்டர் ஐயா, மகள் கைநூலைத் தேடி எடுத்துச் சான்றிதழ் நாட்களைக் குறித்து வைத்துவிட்டாள். இன்னொரு கேள்வி. மகாபொலப் புலமைப்பரிசில் கிடைக்காவிட்டால் உதவிப்பணத்துக்கு, அந்தப் பேர்சரி என்கிறார்களே, அதற்கு வருமானத்தைக் காட்ட வேண்டுமாம். முதலாளி கடைத் தாளில் என் சம்பளத்தை எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்கிறார். அது போதுமா?

---

பழைய கவுண்டர் எழுதியது:

அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம் தம்பி. கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வாங்குங்கள். கடைத் தாளைக் கூட இணையுங்கள், கேட்டால் காட்டலாம். எல்லாவற்றிலும் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். அரை நாள் லீவு இதற்குப் போடலாம்.